பிறந்த குழந்தைக்குப் புட்டிப்பால்: நிப்பிளின் வேகத்தைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பிறந்து பத்து நாளான குழந்தை. இரவு இரண்டு மணி. புட்டியை வாயில் வைத்ததும் மடக் மடக்கென்று குடிக்கிறது. நான்கே நிமிடத்தில் 60 மில்லி காலி. அடுத்த சில நிமிடங்களில் பாதியைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுகிறது. பசி அடங்கவில்லை என்று இன்னொரு புட்டி கலக்கப்படுகிறது. அதுவும் வெளியே வருகிறது.

என் மூத்த மகனின் முதல் மூன்று வாரங்கள் இப்படித்தான் கழிந்தன. மாவுப்பாலை இரண்டு முறை மாற்றினோம். வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். பரிசாக வந்த புட்டியில் மாட்டியிருந்த நிப்பிள் மூன்று மாதக் குழந்தைக்கானது என்பதை யாரும் கவனிக்கவில்லை. மகள் பிறந்தபோது ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதன்பின் என் தங்கைக்கும், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கில் பிள்ளை பெற்ற சிலருக்கும் உதவியபோது, எல்லாரும் ஏறக்குறைய அதே இடங்களில் தடுமாறுவதைப் பார்த்தேன். பெரும்பாலும் தவறு வரிசையில்தான் நடக்கிறது. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டிய நிப்பிள் மாற்றத்தை முதலிலும் செய்கிறார்கள். ஆகவே கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. இது உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இது 37 வாரம் முடிந்து பிறந்த, வேறு சிக்கல் இல்லாத குழந்தைகளுக்கானது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை மிகக் குறைவான குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை, இதயத்திலோ மூச்சிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் நிப்பிளை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தை விழுங்கும் விதத்தைப் பார்த்துச் சொல்லும் பேச்சு சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். இத்தகைய குழந்தைகள் சில நேரம் இருமாமலே பாலை மூச்சுக்குழாய்க்குள் விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நமக்குத் தெரியாது.

தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு, மருத்துவர் சொன்னாலொழிய, முதல் மூன்று நான்கு வாரம் புட்டியைத் தள்ளிப்போடுவது நல்லது. மார்பில் குடிக்கும் பழக்கமும் பால் சுரப்பும் நிலைபெற அந்தக் காலம் தேவை. மஞ்சள் காமாலை, எடைக் குறைவு போன்ற காரணங்களால் முதல் வாரத்திலேயே புட்டி கொடுக்க நேர்ந்தால் மனம் கலங்க வேண்டாம். அப்போது மெதுவான நிப்பிள் இன்னும் முக்கியமாகிறது, அவ்வளவுதான்.

2. வேகம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

பிறந்த குழந்தை ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை சப்புகிறது. ஒன்றிரண்டு முறை சப்பி, ஒருமுறை விழுங்கி, ஒருமுறை மூச்சுவிடும். விழுங்கும் கணத்தில் மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். பால் வேகமாக வந்தால் குழந்தை தொடர்ந்து விழுங்கித்தான் ஆக வேண்டும். மூச்சுக்கு இடைவெளி கிடைப்பதில்லை. அதனால்தான் திணறுகிறது, இருமுகிறது, முகத்தைத் திருப்புகிறது.

நம் பாட்டிமார் சங்கிலும் பாலாடையிலும் புகட்டியபோது, குழந்தை விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கை அடுத்த துளியைச் சாய்த்தது. புட்டியில் அந்தக் கையின் வேலையை நிப்பிளின் ஓட்டை செய்கிறது. ஓட்டைக்குக் கண் கிடையாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தாய்ப்பாலும் வாய் வைத்தவுடன் பாய்வதில்லை. குழந்தை கொஞ்ச நேரம் சப்பிய பிறகுதான் பால் இறங்கும். பிறகு குறையும், மறுபடி வரும். மார்பிலும் புட்டியிலும் மாறி மாறிக் குடிக்கப்போகும் குழந்தைக்கு மெதுவான நிப்பிள் பொருந்துவது இதனால்தான்.

3. குறைவாக வாங்குங்கள், மிக மெதுவானதை வாங்குங்கள்

பிள்ளை பிறக்கும் முன்பே பத்துப் புட்டிகள் அடங்கிய தொகுப்பை வாங்கி அடுக்காதீர்கள். தொடக்கத்துக்கு 120 முதல் 160 மில்லி வரை கொள்ளும் சிறிய புட்டி இரண்டு, அதே நிறுவனத்தின் மிக மெதுவான நிப்பிள் மூன்று போதும். குழந்தை ஏற்றுக்கொண்ட பிறகு கூடுதலாக வாங்கலாம். சிங்கப்பூரில் பேட்டைக்குப் பேட்டை கடை இருக்கிறது. இணையத்தில் வாங்கினாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். அவசரமே இல்லை.

சிறிய புட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நிப்பிளுக்கு மேலே எவ்வளவு உயரத்துக்குப் பால் நிற்கிறதோ, அந்த அளவுக்கு அழுத்தம் கூடும். உயரமான 240 மில்லி புட்டியை நிறைத்துத் தூக்கிப் பிடித்தால், மெதுவான நிப்பிளிலும் பால் விரைந்து வரும்.

இப்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். பிஜியன் நிறுவனத்தின் அகன்ற நிப்பிள்களில் எஸ்எஸ், எஸ், எம், எல் என்று அளவு ஏறும். டாக்டர் பிரவுன்ஸ் லெவல் 1, 2, 3 என்று எழுதும். லெவல் 1-க்கும் மெதுவாகக் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனி நிப்பிள்கள் வைத்திருக்கிறது. ஃபிலிப்ஸ் ஏவன்ட் எண் போடும். நம்மூர் நிறுவனமான ஹேகன் மெதுவானது, நடுத்தரமானது, வேகமானது என்று பிரிக்கும். இவற்றுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘மெதுவானது’ இன்னொரு நிறுவனத்தின் ‘மெதுவானதை’விடப் பல மடங்கு வேகமாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு நிப்பிள்களுக்கு இடையிலும் வேறுபாடு இருக்கலாம். எனவே அந்த எண் அதே நிறுவனத்தின் வரிசைக்குள் மேலே போகவும் கீழே வரவும் மட்டும் உதவும். பக்கத்து வீட்டுக்காரர் ‘எங்கள் பிள்ளை லெவல் 2 குடிக்கிறான்’ என்றால், அது உங்கள் கையிலுள்ள வேறு புட்டியைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

மாதக் கணக்கும் அப்படித்தான். ‘1 மாதம் முதல்’ என்று எழுதியிருப்பதால் முப்பத்தோராம் நாள் மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. பல குழந்தைகள் மாதக்கணக்கில் மிக மெதுவான நிப்பிளிலேயே நிறைவாகக் குடித்து நன்றாக வளர்கின்றன. தாய்ப்பாலும் குடிக்கும் குழந்தை கடைசிவரை அதிலேயே இருந்துவிடலாம்.

பரிசுப் பொருளாக வந்த புட்டிகளைத் தனியாக எடுத்து, நிப்பிளின் அடிவட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையோ எழுத்தையோ வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய புட்டிகளில் பெரும்பாலும் வேகமான நிப்பிளே மாட்டி வரும். அவற்றைக் கழற்றி ஒரு பையில் போட்டு, ‘பின்னால்’ என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் தவறு நடந்தது இந்த இடத்தில்தான்.

4. ஒவ்வொரு நிப்பிளையும் சோதியுங்கள்

கிருமி நீக்கம் செய்யும் முன்பு, நிப்பிளின் நுனியைப் பிடித்து எல்லாப் பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறல், பிசுபிசுப்பு, நிறமாற்றம், உப்பல் எது இருந்தாலும் தூக்கி எறியுங்கள். கிழிந்த ஓட்டை என்பது அளவு தெரியாத ஓட்டை. அதோடு, பிய்ந்த துண்டு தொண்டையில் சிக்கவும் கூடும். குறை எதுவும் தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதியதை மாட்டிவிடுங்கள்.

பிறகு ஒரே அளவுள்ள மூன்று நிப்பிள்களையும், ஒரே அளவு தண்ணீர் ஊற்றிய ஒரே புட்டியில் ஒவ்வொன்றாக மாட்டிக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒன்று சொட்டுச் சொட்டாகவும் இன்னொன்று கோடாகவும் வடிந்தால், கோடாக வடிவதை ஒதுக்கிவிடுங்கள். இந்தச் சோதனை குறையுள்ள நிப்பிளைக் கண்டுபிடிக்க மட்டுமே. ‘கவிழ்த்தால் நொடிக்கு ஒரு சொட்டு விழ வேண்டும்’ என்ற பழைய கணக்கை வைத்து அளவைத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்றைய நிப்பிள்களில் சில, சப்பினால்தான் பால் விடும். கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாது. அதைப் பார்த்து அடைத்திருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இங்கே கடுமையாக ஒன்று சொல்ல வேண்டும். பால் வரவில்லை என்று ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. செய்யாதீர்கள். அந்த ஓட்டை ஒவ்வொரு முறை கொதிக்கும்போதும் விரியும். இன்று இருந்த வேகம் நாளை இருக்காது. வேகம் போதாவிட்டால் அடுத்த அளவு நிப்பிளின் விலை சில வெள்ளிதான்.

5. புட்டியைச் சரியாகப் பூட்டுங்கள்

நிப்பிளின் அடியில் அல்லது புட்டியில் காற்று உள்ளே போவதற்கு ஒரு சிறு துளையோ வால்வோ இருக்கும். பால் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். பால் கசியக்கூடாதென்று வளையத்தை இறுக்கித் திருகினால் அந்த வழி அடைபடும். அப்புறம் நிப்பிள் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், குழந்தை எவ்வளவு சப்பினாலும் பால் வராது. பார்ப்பவர்கள் நிப்பிள் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து வேகமானதை வாங்கி வருவார்கள். விரலால் திருகி, நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் மணிக்கட்டைப் போட்டு இறுக்க வேண்டாம்.

மாவுப்பால் கலக்கும்போது கொதிக்கவைத்த தண்ணீர் 70 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் முன்பே மாவைப் போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாவில் இருக்கக்கூடிய கிருமிகள் அந்தச் சூட்டில்தான் சாகும். அதே சூட்டில் கட்டியும் நன்றாகக் கரையும். பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரையாத ஒரு சிறு கட்டி போதும், ஓட்டையை அடைத்துவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே திரண்டு நிற்கும். வெதுவெதுப்பாக்கி, புட்டியை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

எதுக்களிப்பைக் குறைக்கும் கெட்டியான மாவுப்பால் மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்றால், அதற்கு எந்த நிப்பிள் என்பதையும் அவரிடமே கேளுங்கள். கெட்டிப் பால் மெதுவாகத்தான் வரும். அதில் பழகிய கணக்கு சாதாரணப் பாலுக்குப் பொருந்தாது.

6. பிடிக்கும் விதத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்

நிப்பிளைக் குறை சொல்லும் முன் கையைப் பாருங்கள். அநேக வீடுகளில் இந்தப் படியோடு பிரச்சினை முடிந்துவிடுகிறது.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்காமல், தலை உயர்ந்து, அரைவாசி உட்கார்ந்த நிலையில் பிடியுங்கள். புட்டி தரைக்கு இணையாக, நிப்பிளின் நுனியில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் சாய்ந்திருக்கட்டும். நிப்பிளால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். குழந்தை வாயை அகலத் திறந்து தானே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நாம் திணிக்கக்கூடாது. நிப்பிளின் நுனியை மட்டும் கவ்வினால் உதட்டோரம் பால் வழியும், காற்றும் போகும். அகலமாகக் கவ்வ விடுங்கள்.

இருபது முப்பது நொடி குடித்ததும் புட்டியின் அடிப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். நிப்பிள் வாயிலேயே இருக்கட்டும். பால் மட்டும் பின்வாங்கும். குழந்தை இரண்டு மூன்று மூச்சு விட்டு மறுபடி சப்பத் தொடங்கியதும் உயர்த்துங்கள். முதல் சில நிமிடம்தான் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். பசியின் வேகம் தணிந்ததும் குழந்தையே இடைவெளி விட்டுக் குடிக்கும். பாதியில் கையை மாற்றி மறுபக்கம் பிடித்து, ஏப்பம் வர வைத்துத் தொடருங்கள்.

என் தங்கைக்கு இதைக் காட்டியபோது அவள் மாமியார் பதறினார்.

“நிப்பிளில் காற்று நிற்கிறதே அம்மா, பிள்ளைக்கு வயிறு உப்பிவிடாதா? புட்டியைத் தூக்கிப் பிடி.”

“அத்தை, இவள் மடக் மடக்கென்று விழுங்கும்போதுதான் காற்று அதிகம் போகிறது. இன்று ஒருநாள் இப்படிக் கொடுத்துப் பார்க்கலாம், நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள்” என்றாள் அவள்.

அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. புட்டியைத் தூக்கிப் பிடிக்கும்படி பெரியவர்கள் பலரும் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் நுனியில் பால் இருந்தாலே போதும். திணறி விழுங்கும் குழந்தை பாலோடு சேர்த்துக் காற்றையும் விழுங்குகிறது. அன்று மாலை ஏப்பம் இலேசாக வந்ததைப் பார்த்தபின் அந்த அத்தையே இரவுப் பாலை இப்படிக் கொடுக்கத் தொடங்கினார்.

தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நகர்வது எந்த நிப்பிளிலும் ஆபத்து. அப்போது பாலை நிறுத்த யாருமே இல்லை.

7. குழந்தையின் முகத்தைப் படியுங்கள்

மிக மெதுவான நிப்பிள், சரியான பூட்டு, சரியான பிடி மூன்றும் அமைந்த பிறகு வருவதைத்தான் வேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் பாருங்கள், கேளுங்கள்.

வேகம் அதிகம் என்றால் முகத்தில் முதலில் தெரியும். கண் அகல விரியும், புருவம் சுருங்கும், மூக்குத் துவாரம் விடைக்கும். மூடியிருந்த கைவிரல்கள் விசிறிபோல் விரியும். கடைவாயில் பால் வழியும். விழுங்கும் ஓசை ‘களக் களக்’ என்று தொடர்ந்து கேட்கும். நடுவில் மூச்சுச் சத்தம் கேட்காது. பிறகு இருமல், புரையேறுதல், தலையைப் பின்னுக்கு வளைத்தல். விரல் விரிவதை யாரும் கவனிப்பதில்லை. இருமலுக்குக் கொஞ்சம் முன்பே அது எச்சரித்துவிடும். அதைப் பார்த்தவுடன் புட்டியைத் தாழ்த்தினால் இருமல் வராமலே தடுக்கலாம்.

இன்னொரு அடையாளம் மக்களை ஏமாற்றுகிறது. வேகம் தாங்காத சில குழந்தைகள் போராடாமல் கண்ணை மூடி உறங்கிவிடும். தாய் ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று புட்டியை வைத்துவிடுவாள். அரை மணியில் பிள்ளை பசித்து அழும். உடல் துவண்டு, முகம் வெளிறி, மூச்சு இரைத்தபடி வரும் உறக்கம் களைப்பின் உறக்கம். கை தளர்ந்து, விரல் திறந்து, முகம் அமைதியாகி வரும் உறக்கம்தான் நிறைவின் உறக்கம். இரண்டையும் பிரித்தறிய ஓரிரு வாரம் பிடிக்கும்.

வேகம் போதாவிட்டால் வேறு மாதிரி இருக்கும். நான்கைந்து முறை சப்பியும் ஒருமுறைகூட விழுங்காது. நிப்பிளைக் கடித்து இழுக்கும், விட்டுவிட்டு அழும், மறுபடி கவ்வும். நிப்பிள் உள்ளே ஒட்டும். அரை மணிக்கு மேலாகியும் பாதிகூடக் குறையாது. குடிப்பதற்கே அதிக சக்தி செலவாவதால் இதையும் நாள்கணக்கில் விட்டுவைக்கக்கூடாது.

சரியான வேகத்தில் குடிக்கும் குழந்தையிடம் ஒரு தாளம் இருக்கும். சப்பல், விழுங்கல், மூச்சு. சப்பல், விழுங்கல், மூச்சு. உதட்டோரம் உலர்ந்திருக்கும். புருவம் தளர்ந்திருக்கும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் பிறகு இருட்டில்கூடக் காது கண்டுபிடித்துவிடும்.

புரையேறினால் புட்டியை எடுத்துவிட்டு, குழந்தையை நிமிர்த்தி, சற்று முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். இருமினால் இருமவிடுங்கள், அது தானே சரிசெய்துகொள்கிறது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல் உச்சந்தலையில் தட்ட வேண்டாம். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. தட்டுவதால் பயனும் இல்லை.

8. மூன்று நாள் எழுதி வையுங்கள்

ஒரு வேளைப் பாலை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதிகாலை நான்கு மணிக்குக் குடிக்கும் விதமும் தடுப்பூசி போட்ட நாளில் குடிக்கும் விதமும் வேறு. ஒரு தாளில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அளவு, நிப்பிளின் எண், இருமல் அல்லது வழிதல், கக்கல் ஆகியவற்றை மூன்று நாள் குறியுங்கள்.

15 முதல் 30 நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது. பத்து நிமிடத்துக்குள் அடிக்கடி முடிந்தால் வேகம் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். அளவு விஷயத்தில், முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் தேவைப்படும். முதல் வாரத்துக்குப் பிறகு மாவுப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி என்பது பொதுக் கணக்கு. மூன்று கிலோ குழந்தைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 55 மில்லிக்குப் பக்கத்தில் வரும். வேகமான நிப்பிளில் 90 மில்லி குடிப்பது பசியாலா, நிறுத்த முடியாததாலா என்பதைப் பிரித்தறிய இந்தக் கணக்கு உதவும்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு ஈர அணையாடைகளாவது வர வேண்டும். பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும். சுகாதாரப் புத்தகத்தில் எடையைக் குறித்துவாருங்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது நீங்கள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். தாதிக்கு உங்கள் நினைவைவிட அந்தத் தாள் அதிகம் உதவும்.

9. நிப்பிளை மாற்றும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

‘மெதுவாக இருக்கிறது’ என்று தோன்றினால் இந்த வரிசையில் பாருங்கள். வளையம் இறுகியிருக்கிறதா? காற்றுத் துளை அடைத்திருக்கிறதா? ஓட்டையில் கட்டி சிக்கியிருக்கிறதா? பால் குளிர்ந்துவிட்டதா? குழந்தைக்கு மூக்கடைப்பு இருக்கிறதா? குளிர்சாதன அறையில் மூக்கு உலர்ந்து அடைத்தால், மூச்சுக்காகக் குழந்தை நிப்பிளை விட்டுவிட்டு அழும். அது வேகக் குறைவுபோலவே தெரியும். உண்மையிலேயே பசித்திருக்கிறதா? இவை எல்லாம் சரியாக இருந்தும் மூன்று நாளும் அதே அடையாளங்கள் என்றால்தான் அடுத்த அளவு.

‘வேகமாக இருக்கிறது’ என்றால், முதலில் பிடியைத் திருத்துங்கள், அடுத்து பாலை இரண்டு சிறு பங்காக ஊற்றிக் கொடுங்கள். குழந்தையை உங்கள் மடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை சற்று உயர, புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடித்துப் பாருங்கள். அதிகப்படியான பால் கன்னத்தோரம் வழிந்துவிடும், தொண்டைக்குப் பாயாது. அப்படியும் இருமினால் அதே நிறுவனத்தில் இன்னும் மெதுவான நிப்பிள் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால்தான் நிறுவனத்தை மாற்ற வேண்டும்.

ஒரே நாளில் மாவுப்பால், புட்டி, நிப்பிள் மூன்றையும் மாற்றுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் குழப்பம் தருவது. எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி, இரண்டு நாளாவது பொறுங்கள்.

10. அளவை ஏற்றும் முறை

முதல் சோதனை பகலில், குழந்தை கடும் பசியில் இல்லாத வேளையில் இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் நாமும் பசிவெறியில் குழந்தையும் இருக்கும் இரவு வேளை இதற்கு ஏற்றதல்ல. ஒரு வேளை மட்டும் புதிய நிப்பிளில் கொடுத்து, மற்ற வேளைகளில் பழையதையே வையுங்கள். புட்டியை அடிக்கடி தாழ்த்துங்கள். கண் விரிவதும் வழிவதும் வந்தால் உடனே பழைய நிப்பிளுக்குத் திரும்புங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். கீழே இறங்குவது குழந்தை பின்தங்கியதாக ஆகாது.

இரவில் நீண்ட நேரம் தூங்க வேண்டும் என்பதற்காக அளவை ஏற்றாதீர்கள். அதே நோக்கத்தில் ராகிக் கூழையோ அரிசி மாவையோ பாலில் கலந்து, ஒய் வடிவ வெட்டுள்ள நிப்பிளில் கொடுப்பதும் கூடவே கூடாது. புரையேறும் அபாயம் கூடும். அதைச் செரிக்கும் வயதும் அதுவல்ல.

11. எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

மிக மெதுவான நிப்பிளிலும் நல்ல பிடியிலும் ஒவ்வொரு வேளையும் இருமல் வந்தால், குடிக்கும்போது வியர்த்தால், மூச்சில் கரகரப்பு நீடித்தால், எடை ஏறாவிட்டால், ஈர அணையாடைகள் குறைந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். பச்சை நிற வாந்தி, பீறிட்டுப் பாயும் தொடர் வாந்தி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு நின்றாலோ, துவண்டு போனாலோ அவசர மருத்துவ வண்டிக்கான 995-ஐ அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்து, அவர்கள் சொல்வதை உடனுக்குடன் செய்யுங்கள்.

12. மற்றவர்களிடம் ஒப்படைக்கும்போது

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பாட்டியோ, பணிப்பெண்ணோ, குழந்தைப் பராமரிப்பு நிலைய ஆசிரியரோ பால் கொடுப்பார். நீங்கள் வாரக்கணக்கில் பார்த்துக் கற்றது அவர்களுக்குத் தெரியாது. நிலையத்துக்கு அனுப்பும் எல்லாப் புட்டிகளிலும் ஒரே அளவு நிப்பிளை மாட்டுங்கள். கலந்து அனுப்பினால் காலையில் மெதுவும் மாலையில் வேகமுமாகப் போய், குழந்தை ஏன் தடுமாறுகிறது என்று யாருக்கும் புரியாது. புட்டியில் பெயரோடு நிப்பிளின் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.

முதல் நாள் அவர்கள் கையில் குழந்தையைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளைப் பாலைக் கொடுக்கச் சொல்லுங்கள். விரல் விரியும் கணத்தைச் சுட்டிக் காட்டுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் நான் தமிழிலும் பணிப்பெண்ணுக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்டியது இது: வளையத்தை இறுக்காதே. வாயைத் திறக்கும்வரை பொறு. விரல் விரிந்தால் புட்டியைத் தாழ்த்து. முகத்தைத் திருப்பினால் நிறுத்து. மிச்சம் எவ்வளவு இருந்தாலும் வற்புறுத்தாதே. வாய் வைத்த மாவுப்பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடு.